பத்தொன்பதாவது பெயர்

இல்லை அண்ணே, மின்னாது. மின்ன வைக்க மாட்டேன். பூக் கொட்டாது, பெயர் ஓடாது, விளக்குச் சுற்றாது. உங்கள் கோயில் திருவிழாவுக்கு வெப்சைட் வேண்டும் என்கிறீர்கள், செய்து தருகிறேன். ஊர்க்காரர்கள் வாழ்த்து எழுத அதில் ஒரு பெட்டி வேண்டும் என்கிறீர்கள், அதையும் வைத்துத் தருகிறேன். ஆனால் பெட்டியில் எழுதுவது வெறும் எழுத்தாகத்தான் தெரியும். அதற்கு மேல் கேட்டால் தேனியில் நாலு கடை இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கோபப்படவில்லை. என் குரலே இப்படித்தான். இடது காது சரியாகக் கேட்காது, அதனால் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன். உட்காருங்கள். ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். டீ சொல்லியிருக்கிறேன். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துவிட்டு, ஏன் மாட்டேன் என்கிறான் என்று தெரியாமல் திரும்பக் கூடாது.

கபடி பார்ப்பீர்களா? பார்ப்பீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் பார்க்காதவன் யார்? கோட்டுக்குள் விடும் முன்னால் நடுவர் என்ன செய்வார்? கையை நீட்டச் சொல்வார். நகம் வளர்ந்திருக்கிறதா, மோதிரம் இருக்கிறதா, உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறானா என்று பார்ப்பார். சொந்த மகனாக இருந்தாலும் பார்ப்பார். நகத்தோடு உள்ளே போனால் ஆட்டம் இல்லை, ரத்தம்தான்.

இதுவும் அப்படித்தான். இந்தக் கீபோர்டில் பாருங்கள், எம் எழுத்துக்கு அடுத்தாற்போல, கமாவுக்கும் புள்ளிக்கும் மேலே, கோணலாக இரண்டு குறி. அந்த இரண்டுக்கும் நடுவே எதையாவது எழுதினால் கம்ப்யூட்டர் அதை எழுத்து என்று எடுத்துக்கொள்ளாது. தனக்கு வந்த உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும். சிவப்பாக்கு என்றால் சிவப்பாக்கும், ஓடவிடு என்றால் ஓடவிடும். உத்தரவு போட்டது கடைக்காரனா, கடைக்கு வந்தவனா என்று அதற்குப் பேதம் தெரியாது. அதனால் வாசலில் ஒரு ஃபில்டர் வைப்போம். நடுவர் மாதிரி. அந்தக் குறி வந்தால், உத்தரவாக ஓடவிடாமல் வெறும் எழுத்தாக்கிக் காட்டிவிடும். நகத்தை வெட்டி உள்ளே அனுப்புகிற மாதிரி.

அந்த ஃபில்டரை ஒரு தடவை எடுத்தேன். ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு வரி.

மூன்று வருடம் ஆகிறது. வைகாசி மாதம், எங்கள் ஊர்க் கபடிப் போட்டி. கமிட்டித் தலைவர் சன்னாசி அண்ணன். செங்கல் சூளை வைத்திருக்கிறார், நாலு சூளை. எனக்கு அதுவரை ஃப்ளெக்ஸ் அடிக்கிற வேலைதான் பெரிது, வெப்சைட் வேலை அப்போதுதான் பழகியிருந்தேன். அவர் கூப்பிட்டு, “தங்கேசு, இந்த வருசம் ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் கட்ட வேணாம். போலீஸ்காரன் கிழிக்கிறான். எல்லாத்தையும் போன்ல பார்க்கிற மாதிரிச் செய்யி. மைதானத்துல ஒரு திரை கட்டி அதுலயும் ஓடட்டும்” என்றார்.

செய்தேன். நன்றாகவே செய்தேன். போன் நம்பரைப் போட்டு ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் போதும், சீசன் முடிகிறவரைக்கும் மறுபடி கேட்காது. பெட்டியில் வாழ்த்து எழுதினால் கீழே ‘இப்படிக்கு’ என்று அவர்கள் பெயரும் படமும் தானாக வந்துவிடும். நம் ஆட்களுக்குத் தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே?

முதல் நாள் சாயந்தரம் சூளை டிரைவர்கள் நாலு பேர் சேர்ந்து அண்ணனுக்கு ஒரு வாழ்த்துப் போட்டார்கள். அண்ணன் படத்தின் மேல் ரோஜாப்பூக் கொட்ட வேண்டும் என்று எங்கிருந்தோ அப்படி ஒரு உத்தரவைக் காப்பி அடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஃபில்டர் அதை விடவில்லை. அதன் வேலையை அது செய்தது. எழுத்தாக்கிவிட்டது. மைதானத்துத் திரையில் அண்ணன் முகம், அதற்குக் கீழே வரி வரியாக அந்தக் குறி. ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். வெளியூர் டீம்காரன் ஒருவன் விசிலடித்துச் சிரித்தான்.

அண்ணன் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். “என்னடா இது, என் மூஞ்சிக்குக் கீழ செத்த எறும்பு வரிசையா?”

“அண்ணே, அது ஒரு காவல் மாதிரி...”

முடிக்க விடவில்லை. அறைந்தார். இடது காதில். மைக் ஆனில் இருந்தது, அண்ணே. அந்தச் சத்தம் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

“மின்னணும்டா. ஃப்ளெக்ஸ்ல மின்னாதது இதுல மின்னும்னுதான உன்கிட்டக் குடுத்தேன்? யார்ட்ட இருந்துடா காவல்? உள்ள வர்றது பூராம் நம்ம பயலுக. நம்ம பயலுகளுக்கு எதுக்குடா காவலு?”

அறைக்குப் பயந்து எடுத்தேன் என்று நினைக்காதீர்கள். அந்த அறையை நான் நினைப்பதே இல்லை. அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. எல்லாம் நம் ஆட்கள்தானே? வந்து உட்கார்ந்தேன், அந்த ஒரு வரியை எடுத்தேன். பூக் கொட்டியது. அண்ணன் எனக்குப் பிரியாணி அனுப்பினார். மூன்று நாளும் திரை ஜெகஜ்ஜோதி. காதுக்குள் மட்டும் வண்டு மாதிரி ஒரு சத்தம். இப்போதும் இருக்கிறது. அதை விடுங்கள்.

மூன்றாம் நாள் கால் இறுதி. நம் தெரு டீமும் கீழத்தெரு டீமும். கீழத்தெரு டீமில் மாயழகு என்று ஒரு பையன். பாடிக்கொண்டு போனான் என்றால் பாம்பு மாதிரி, பிடித்தாலும் நழுவிவிடுவான். டீமுக்குப் பனியன் அடிக்க இங்கேதான் வருவான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில்தான் உட்காருவான். “தங்கண்ணே, நம்பரு கொஞ்சம் பெருசாப் போடுண்ணே, திரும்பி ஓடும்போது அவனுகளுக்குத் தெரியட்டும்” என்பான். வாய் ஜாஸ்தி. நல்ல பையன்தான்.

கடைசி ரெய்டில் நடுவர் கீழத்தெருவுக்குப் பாயிண்ட் கொடுத்தார். சன்னாசி அண்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்து நடுவர் வாயில் ஒரு குத்து. பல் போய்விட்டது. இரண்டாவது குத்துக்குக் கையை ஓங்கும்போது மாயழகு வந்து அண்ணனுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

“கை நீட்டாதீங்க, பெரியவரே. ஆட்டம் ஆடத்தான வந்திருக்கோம்?”

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் பிடித்தான். வலது கையால் பிடித்தான். அண்ணன் திமிறிப் பார்த்தார், விடுபடவில்லை. அவனாகத்தான் விட்டான். ஆயிரம் பேர் முன்னால். நானும் ஆயிரம் பேர் முன்னால் அறை வாங்கியவன்தான். ஆனால் என்னைப் பற்றி யாரும் பேசவில்லை, அதைப் பற்றி மட்டும் ஊரே பேசியது.

மறுநாள் சனிக்கிழமை, அரை இறுதி. கீழத்தெருவும் வெளியூர் டீமும். மதியம் இரண்டரை மணி, இங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் பேஜைத் திறந்தால், கண்ணீர் அஞ்சலி.

சன்னாசி அண்ணன் படம். மாலை போட்டு, பொட்டு வைத்து. ‘தோற்றம்’ என்று அவர் பிறந்த தேதி. ‘மறைவு’ என்று அன்றைய தேதி. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு! அதற்குக் கீழே, ‘இப்படிக்கு’. ஒரு பெயரோடு நிற்கவில்லை அண்ணே. கீழே இழுக்க இழுக்க அதே அஞ்சலி, அதே மாலை, வேறு வேறு பெயர்.

எனக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. யாரோ ஒருவன், வெளியூர்க்காரன்தான், பொய்ப் பெயரில் உள்ளே வந்து வாழ்த்துப் பெட்டியில் ஒரு உத்தரவை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பேஜை யார் திறந்தாலும் சரி, அவர்கள் போனிலிருந்தே, அவர்கள் பெயரிலேயே இந்த அஞ்சலியைப் போட்டுவிடு என்று. திறந்தவனுக்குத் தெரியாது. அவன் போன், அவன் பெயர், அவன் படம். அவன் கை மட்டும் இல்லை. சுருக்கமாகச் சொன்னால் நகத்தோடு ஒருவன் கோட்டுக்குள் வந்துவிட்டான்.

ஃப்ளெக்ஸ் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை அழிப்பதாக இருந்தாலும் முன்னால் ஒரு பிரிண்ட் எடுத்துவிடுவேன். எடுத்தேன். நாற்பத்தொரு பெயர், நேரத்தோடு. பிறகு அந்த உத்தரவைப் பிடுங்கிவிட்டு, அஞ்சலிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். ஏழே நிமிடம். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஏழு நிமிடத்தில் பேஜைத் துடைத்து வைத்துவிட்டேன். இன்றைக்கு வேறு யாராவது செய்யட்டும், பார்க்கலாம்.

முதல் பெயர் யாருடையது தெரியுமா? செல்வேந்திரன். சன்னாசி அண்ணனுடைய கூடப்பிறந்த தம்பி. அண்ணன் தம்பிக்குள் ஏற்கெனவே சூளைப் பாகத்தில் பேச்சுவார்த்தை இல்லை. அது அண்ணன் கண்ணில் பட்டால் குடும்பத்துக்குள் கொலை விழும். அதனால் அதை முதலில் எடுத்தேன். இரண்டாவது சூளை மேஸ்திரி. மூன்றாவது, நாலாவது, எல்லாம் நம் தெரு. என் மச்சினன் பெயர்கூட இருந்தது. நம் தெருப் பெயராகப் பார்த்து எடுத்துக்கொண்டே வந்தேன். தீ பிடித்தால் முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளைத்தானே தூக்குவோம்? அதில் தப்பு என்ன? அப்புறம் வெளியூர்ப் பெயர்கள். கடைசியில் ஒன்றுதான் பாக்கி. பத்தொன்பதாவதாக வந்த பெயர். மாயழகு.

அதையும் எடுத்திருப்பேன். கையை மௌஸில் வைத்துவிட்டேன். போன் அடித்தது. சன்னாசி அண்ணன்.

“எவன்டா போட்டது?”

நான் என்ன செய்யட்டும்? திரையில் இருந்ததைச் சொன்னேன். “மாயழகு பேர்ல இருக்குண்ணே” என்றேன். கவனியுங்கள். அவன் போட்டான் என்று நான் சொல்லவில்லை. அவன் பேரில் இருக்கிறது என்றேன். கேட்டதற்குப் பதில். இன்றைக்கும் எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சொல்வேன், பொய் ஒரு சொல் சொல்லவில்லை.

சொல்லும்போதே அங்கே யாரோ அந்த ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள். வாட்ஸப்பில் ஊரெல்லாம் போய்விட்டது. சுத்தமான பேஜில் ஒரே ஒரு அஞ்சலி, ஒரே ஒரு பெயர். மற்ற நாற்பதும் இருந்திருந்தால் எவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும், செல்வேந்திரனே அண்ணனுக்கு அஞ்சலி போடுவானா என்று. வந்திருக்கும். ஆனால் அதை நான் அப்போது யோசிக்க நேரம் ஏது?

பிறகு ஃபில்டரைப் போட்டேன். அதை யாரும் சொல்வதில்லை. உடனே போட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்தில் இரண்டு பைக் வந்து நின்றது. “அண்ணன் உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாரு.” நடுவில் உட்கார வைத்து மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். என் முதுகில் ஏதோ கடினமாக இடித்துக்கொண்டே வந்தது. பின்னால் இருந்தவன் இடுப்பில் வைத்திருந்தான். போகிற வழியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வண்டிச் சத்தத்தில் பேச முடியுமா?

வெயில் அண்ணே. பகலில் திரையை அணைத்து வைத்திருப்பார்கள், கறுப்பாக நின்றது. கீழத்தெரு டீம் கோட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கிறது. பல் போன நடுவர் வாயில் துணியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவன் நகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். மாயழகு முறை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்க நிற்கிற மாதிரி. என்னைப் பார்த்துச் சிரித்தான். “என்னண்ணே, பகல்லயே திரையப் போடப் போறீங்களா?”

அவனுக்கு ஒன்றும் தெரியாது. போனை வீட்டில் வைத்துவிட்டு ஆட வந்திருக்கிறான்.

சன்னாசி அண்ணன் எதிரில் போய் நின்றார். “என் கையப் புடிச்ச கை எது?” என்றார். அமைதியாகத்தான் கேட்டார். கூட்டம் கலைகிறது, நடுவர் ஓடுகிறார். அவன் கையை இழுக்கப் பார்த்தான். “புடிங்கடா” என்றார்கள். எல்லோரும் பிடித்தார்கள். கழுத்தில் ஒருவன், இடுப்பில் இரண்டு பேர். நானும் பிடித்தேன்.

நான் பிடித்தது இடது கை. வெட்டியது வலது கை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் திமிறி எங்காவது கழுத்தைக் கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் பிடித்தேன். ஆடாமல் நின்றதால்தான் கையோடு போனது. டாக்டரே சொன்னார், இன்னும் கொஞ்சம் அசைந்திருந்தால் உயிர் போயிருக்கும் என்று. அப்படிப் பார்த்தால் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன்.

இரண்டு வெட்டு. முதல் வெட்டு எலும்பில் பட்டு அரிவாள் திரும்பிவிட்டது. விறகில் ஆப்பு இறங்காத மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது நரம்பு. அவன் கத்தவில்லை அண்ணே. என் முகத்தைப் பார்த்தான். “தங்கண்ணே, என்னண்ணே?” என்றான். ரத்தம் என் சட்டையில் அடித்தது, வாயிலும் பட்டது. அந்தச் சட்டையைப் பிறகு துவைத்தும் பார்த்தேன், போகவில்லை, எரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வழக்கமான கதை. கீழத்தெருவில் ஏழு வீட்டில் ஓடு உடைந்தது. இரண்டு பைக் எரிந்தது. மாயழகின் அம்மாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து ரோட்டில் போட்டார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து எறிந்த கல்லில் என் கடைக் கண்ணாடி போனது. இதோ, இந்தக் கண்ணாடி புதிதாகப் போட்டது. எனக்கு என்ன ஆயிற்று என்று யாராவது வந்து கேட்டார்களா? இல்லை.

போலீஸ் இரண்டு வழக்குப் போட்டது. வெட்டியதற்கு ஒன்று, சூளைப் பையன்கள் இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்கள், அண்ணன் பெயர் அதில் இல்லை. கலவரத்தைத் தூண்டும்படி அஞ்சலி போட்டதற்கு இன்னொன்று. அது மாயழகு மேல். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, “வேற யார் பேர்லயாவது வந்துச்சாய்யா? லிஸ்டு எடுக்க முடியுமா?” என்றார். “பழசு சர்வர்ல நிக்காது சார்” என்றேன். உண்மைதானே? சர்வரில் நிற்காது. நான்தான் துடைத்துவிட்டேனே.

தாள் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.

கொடுத்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். ஃபில்டரை யார் எடுத்தது என்பார்கள். நாற்பதை யார் அழித்தது, ஒன்றை யார் விட்டது என்பார்கள். செல்வேந்திரன் பெயர் வெளியே வரும். அண்ணன் என்னை இரண்டாவது காதிலும் அறைவார். அறைவதோடு விட்டால் பரவாயில்லை. எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. அவன் மேல் தப்பு இல்லை என்பதற்கு உலகத்தில் இருக்கிறது இது ஒன்றுதான். அதனால் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேறு யாராவது இப்படி மூன்று வருடம் வைத்திருப்பார்களா?

நான் உங்களிடம் சும்மா கதை அளக்கவில்லை என்பதற்காகக் காட்டுகிறேன். வெளியூர்க்காரர், நாளைக்கு என்னைப் பார்க்கப் போவதில்லை. இந்த டிராயர் கொஞ்சம் மக்கர் செய்யும். இந்தாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். மேலே செல்வேந்திரன், இரண்டு மணி நாலு நிமிடம். அப்படியே விரலை வைத்துக்கொண்டு கீழே வாருங்கள். பதினேழு, பதினெட்டு. ஆம், அதுதான். இரண்டு மணி பதினொன்று. அவன் வீட்டில் அவன் தங்கை போனைத் திறந்து பார்த்திருக்கிறாள், அண்ணன் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று.

இப்போது தெரிகிறதா ஏன் மின்ன வைக்க மாட்டேன் என்கிறேன் என்று? இப்போதெல்லாம் என் முறையே வேறு. கெட்டதைத் தேடித் தேடி எடுக்கிற வேலை கிடையாது. கெட்டது ஆயிரம் வேஷத்தில் வரும். எதை விடலாம் என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் இருப்பதை மட்டும் விடுவேன். மற்றது எவன் எழுதினாலும் எழுத்துதான். கலெக்டர் எழுதினாலும் எழுத்துதான். யாரையும் நம்பக் கூடாது அண்ணே. அதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம்.

இன்றைக்கு என்ன கிழமை? திங்களா?

எதிரே ஸ்டேஷன் தெரிகிறதா, வேப்பமரத்துக்குப் பின்னால்? வழக்கு முடிகிறவரை அவன் திங்கட்கிழமைதோறும் அங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். பெயிலில் அப்படி ஒரு நிபந்தனை. இடது கையால் போடுகிறான். வாரத்துக்கு ஒரு மாதிரி வரும். “உன் கையெழுத்தா, கோழி கிளறுனதா?” என்று ரைட்டர் கிண்டல் செய்வார். போட்டுவிட்டு நேராக இங்கே வருவான். என்னை அவன் தப்பாக நினைக்கவில்லை அண்ணே. காப்பாற்றத்தான் பிடித்தேன் என்று நான் சொன்னேன், நம்பிவிட்டான். ஒரே கேள்வி கேட்பான். மூன்று வருடமாக அதே கேள்வி. அடுத்த வாரம் தீர்ப்பு என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். இரண்டு வருடமாவது கிடைக்கும் என்கிறார்கள்.

வருகிறான் பாருங்கள். நீலச் சட்டை.

அந்தத் தாளைக் கவிழ்த்து வையுங்கள்.

வாடா மாயழகு. போட்டாச்சா கையெழுத்து? இவரு வெளியூரு, கோயில் வேலையா வந்திருக்காரு. லிஸ்டா? சொல்லியிருக்கேன்டா, சென்னையில ஒருத்தன்ட்ட சொல்லியிருக்கேன். பழசு நிக்காதுங்கிறான். அடுத்த வாரம்னு எனக்கும் தெரியும்டா. பாப்போம். உக்காரு, டீ வருது.

அண்ணே, தாளை இப்படிக் கொடுங்கள். அது பழைய பில், ஒன்றுமில்லை. ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உங்கள் பஸ் பன்னிரண்டரைக்குத்தான். அண்ணே. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று சொன்னேனே. அவனிடம் நீட்டாதீர்கள். அவனுக்கு வலது கை மூடாது, தாள் நிற்காது.

இடது கையை நீட்டுகிறான்.

அந்தக் கையின் பலம் எனக்குத் தெரியும், அண்ணே. நான் பிடித்திருக்கிறேன்.